அண்ணி எழுதும் மெயில்

என் அண்ணிக்கு ஆபீசில் 'பாதிப்பில்லை' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. சத்தியமாக நான் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் கம்பெனி முழுக்கப் போகும் மெயிலை அவள்தான் எழுதுவாள். "உங்கள் அன்றாட வேலைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை" என்ற வரி அதில் எங்காவது வந்துவிடும். அதுவரை நிம்மதியாக இருந்தவனுக்கும் அதைப் படித்த பிறகுதான் தன் வேலை இருக்குமா என்ற சந்தேகம் வரும். அவள் கேன்டீனுக்குள் நுழைந்தால், "பாதிப்பில்லை வருது, பையைப் பத்திரமா வச்சுக்கோ" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் நான் அவ்வளவாக நம்பியதில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே இன்சூரன்ஸ் கம்பெனிதான் படியளக்கிறது. நான் க்ளெய்ம் பிரிவு. அண்ணன் தரைத்தளத்தில், சர்வர் ரூமில். கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரைந்துகொண்டு கிடக்கும் அந்தக் குளிர் அறையை அவனும் இன்னும் நாலு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணி இருப்பது அந்த அறையைக் காலி செய்யும் திட்டக் குழுவில். எல்லாவற்றையும் 'கிளவுட்'டுக்கு மாற்றுகிறார்களாம். மேகமாவது மண்ணாவது! வேறு யாருடைய கட்டடத்திலோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு வாடகை கொடுக்கப்போகிறார்கள், அவ்வளவுதான். யாரிடம் எதை, எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று பார்ப்பதுதான் அண்ணியின் வேலை. புருஷன் உட்கார்ந்திருக்கும் அறையைப் பெண்டாட்டி காலி செய்கிறாள். இதில் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்?

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அண்ணி வேலையில் கெட்டி. ஒவ்வொரு பிரிவுக்கும் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கம்ப்யூட்டர் எந்த நாள்ல நின்னா உங்களால தாங்க முடியாது?" என்று கேட்பாள். எங்கள் பிரிவை மாற்றுவதற்குக் குழுவில் மாதக் கடைசியைக் குறித்திருந்தார்கள். க்ளெய்ம் பணம் மொத்தமும் அப்போதுதான் போகும். அண்ணிதான் சண்டை போட்டு அதைத் தள்ளிவைத்தாள். எங்கள் மேனேஜர் எழுந்து நின்று நன்றி சொன்னார். நான் மட்டும், இவள் எதற்கு இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் மறுநாள் மெயிலை எங்களுக்குப் படித்துக் காட்டுவாள். "எந்த எடத்துல பயம் வருதுன்னு மட்டும் சொல்லுங்க" என்பாள். அதில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. "தற்போதைய திட்டப்படின்னு ஏன் போடுற? அப்ப நாளைக்கு வேற திட்டமா?" என்பான். அந்த வார்த்தையை அவள் அடித்துவிடுவாள். "விரைவில்னா எப்ப?" அதையும் அடிப்பாள். கடைசியில் மிஞ்சுவது ஒரு தேதியும் ஒரு வணக்கமும்தான்.

சர்வர் ரூமில் இருக்கும் ஐந்து பேருக்கும் பயிற்சி கொடுத்துப் புது ஏற்பாட்டிலேயே வேலை தருவோம் என்று ஆரம்பத்திலேயே ஒரு மெயில் போயிருந்தது. அதை எழுதியதும் அண்ணிதான். அண்ணன் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக் கடனை வாங்கினான்.

போன மாதம் ஒருநாள் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏசி ஒப்பந்தத்தப் புதுப்பிக்கல. இன்னைக்கு யாரோ ரெண்டு பேர் வந்து கதவ அளந்துட்டுப் போனாங்க. என்னம்மா நடக்குது?"

"ரூம் காலியாகுறது தெரிஞ்சதுதானேங்க" என்றாள் அண்ணி.

"ரூம் காலியாகட்டும். நாங்க?"

"பயிற்சி குடுத்து வேலை போட்டுத் தருவோம்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. அதத்தான் எழுதுனேன்."

"உங்கிட்ட சொன்னது அதுவா, இல்ல எங்ககிட்ட சொல்லச் சொன்னது அதுவா?"

அண்ணி முகம் சுருங்கிவிட்டது. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? எனக்கே ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

அவன் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. குழுவில் சேரும்போதே, உள்ளே நடப்பதை வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். நெருப்பில்லாமல் புகையாது. அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அவள் லேப்டாப்பைத் திறந்தால் அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான். அவள் எனக்கு மட்டும் படித்துக் காட்டுவாள். நான் ஒவ்வொரு வரிக்கும் அவள் கண்ணைத்தான் பார்ப்பேன்.

இந்த வியாழக்கிழமை அவள் லேப்டாப்பை எடுக்கவே இல்லை. ஏற்கெனவே காய்ந்து மடித்துவைத்த துணியை உதறி உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்கில் வியர்த்தது.

"என்ன அண்ணி, மெயில் இல்லையா?"

"இந்த வாரம் நான் எழுதல."

டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினான். "ஏன்?"

"எங்க ஹெட் வேணாம்னுட்டாரு. மத்தவங்களுக்கெல்லாம் அடுத்த வாரம் போட்டுக்கலாம், நாளைக்கு ஒரே ஒரு எடத்துக்கு மட்டும் போகுது, அத நானே எழுதிக்கறேன்னாரு."

"எந்த எடத்துக்கு?"

"சொல்லல. கேட்டேன். என் முகத்தப் பாக்காமயே, நீங்க ரெஸ்ட் எடுங்கம்மான்னு போயிட்டாரு."

அவள் இரண்டு வருஷமாக எல்லாப் பிரிவுக்கும் எழுதுகிறவள். எதற்கும் யாரும் அவளை விலக்கியதில்லை. நான் அவள் முகத்தையே பார்த்தேன். பொய்யைத் தேடித்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்ல சேதியா இருந்தா என்னைத்தாங்க எழுதச் சொல்லியிருப்பாரு."

அண்ணன் டிவியை அணைத்தான். எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அப்ப நிஜமாவே உனக்கு ஒண்ணும் தெரியாதா?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கக் கூடாதா என்கிற ஏக்கம்தான் இருந்தது. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு மாதமாக நம்பாதவன் அந்த நிமிஷம் நம்பினான்.

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வெடித்தது. "என் கையால எழுதி உங்கள நம்ப வச்சேனே! நாளைக்கே அவர் மூஞ்சில ராஜினாமாவ விட்டெறிஞ்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள்.

அண்ணன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"பைத்தியமா உனக்கு? காலையில நேரத்துக்குக் கிளம்பு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது வேலை இருக்கட்டும்."