ஸ்பீக்கருக்குக் குடை பிடித்த ஆடி வெள்ளி

எங்கள் தெரு அம்மன் கோவிலில் போன ஆண்டு கூழ் வார்த்தது ஆடி மூன்றாம் வெள்ளி. இரண்டாம் வெள்ளி என்று என் மச்சான் இன்றும் சொல்லித் திரிகிறான். இரண்டாம் வெள்ளியன்று பெய்த மழையில் பந்தலே சரிந்து கிடந்தது. அதைக்கூட நினைவில் வைக்க முடியாதவன்தான் விழாக்குழுத் தலைவர்.

கூழ் வார்த்த அன்றைக்கென்று பார்த்து மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. கும்மிடிப்பூண்டியில் எங்கள் பக்கம் முழுக்கக் காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லை. ரேடியோ செட்காரர் வர மறுத்துவிட்டார். மச்சான் தவலை அளவுக்கு ஒரு வயர்லெஸ் ஸ்பீக்கரைத் தூக்கி வந்தான். பாட்டுக்கு என் டேப்லெட்டைக் கேட்டான்.

கொடுக்க எனக்கு மனமில்லை. அதைப் பிற்பகல் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். தொழிற்பேட்டையில் பல ஆண்டுகளாக ஒப்பந்த வேலை பார்ப்பவள். நிரந்தர வேலைக்கான தேர்வை அன்று மூன்று மணிக்கு ஆன்லைனில் எழுத வேண்டும். செல்போனில் அந்தத் தேர்வு திறக்காது. தவறவிட்டால் மறுபடியும் ஒப்பந்தக் கூலிதான்.

"சார்ஜ்லாம் எறங்காது மாமா," என்றான் மச்சான். "பாடறது ஸ்பீக்கரு. டேப்பு சும்மா குந்திக்கினு இருக்கப் போவுது."

இந்த மேதைமையின்படியே எல்லாம் நடந்தன. இருந்த ஒரே பவர்பேங்க்கை ஸ்பீக்கரில் செருகினார்கள். ஸ்பீக்கருக்கு வெயில் படாமல் ஓர் ஆள் குடை பிடித்தான். டேப்லெட்டுக்குக் கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில், மொட்டை வெயிலில் இடம் கிடைத்தது. பாட்டை மட்டும் போட்டால் போதாதாம். அம்மன் படத்தோடு வீடியோவாக ஓட வேண்டுமாம், அதுவும் முழு வெளிச்சத்தில். வந்தவர்கள் டேப்லெட் கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தார்கள். நடுவில் ஒரு பற்பசை விளம்பரம் வந்தது. அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உச்சிவேளைக்குள் டேப்லெட்டில் பாதிச் சார்ஜுக்கு மேல் போய்விட்டது. பவர்பேங்க்கும் காலி, நாள் முழுக்கத் தாங்கும் சொந்த பேட்டரி இருந்தும் ஸ்பீக்கர் அதைக் குடித்து முடித்திருந்தது. நிறுத்தவும் வழியில்லை. அந்தப் பெண்ணின் அம்மா, மகளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று, கூழ் தீரும்வரை பாட்டு நிற்கக் கூடாதென வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதலுக்கான பாட்டே வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது.

மச்சான் காரணம் கண்டுபிடித்தான். "ப்ளூடூத்து உறிஞ்சுது மாமா. ஸ்பீக்கர கட் பண்ணிட்டு டேப்புலயே சத்தமா வுட்டா நிக்கும்."

ப்ளூடூத் எடுப்பது சொற்பம் என்றேன். டேப்லெட் தானே தொண்டை கிழியப் பாடினால் அதைவிட அதிகம் செலவாகும். சார்ஜைத் தின்பது அந்தத் திரை. அதற்கடுத்து, ஒற்றைக்கோடு சிக்னலில் வீடியோவை ஓயாமல் இழுப்பது. வீடியோவை நிறுத்திப் பாட்டை மட்டும் வை, திரையை அணை, போதும் என்றேன்.

"ஆடி வெள்ளில ஆத்தா மூஞ்ச இருட்டாக்கச் சொல்றியா மாமா? ரொம்ப புக்கு படிச்சா இப்டித்தான் ஆவும்."

குழுவினர் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். குடைக்காரனும் ஆட்டினான், குடையும் சேர்ந்து ஆடியது.

கூழ் குண்டானைத் தூக்கி வந்த அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். குண்டானை இறக்கினாள். துப்பட்டாவில் கையைத் துடைத்தாள்.

"ஏன்ணா, உள்ள கல்லா ஒரு ஆத்தா குந்திக்கினு கீறாளே, அவ மூஞ்சி எந்த ஸ்விட்ச்சுல எரியுது?"

மச்சான் வாய் திறப்பதற்குள் வீடியோவை மூடிப் பாட்டை மட்டும் வைத்தாள். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது. சிலர் வானத்தைப் பார்த்தார்கள். அவள் அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாட்டு மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில், "கூழ ஊத்தும்மா, வரிசை நிக்குது" என்று யாரோ கத்த, அகப்பை மறுபடி அசைந்தது.

கூழ் தீரும்வரை பாட்டு நிற்கவில்லை. சார்ஜும் அதன் பிறகு அதிகம் இறங்கவில்லை. எங்கள் மாடியில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அங்கே உட்கார்ந்துதான் அந்தப் பெண் தேர்வை எழுதினாள். முடித்து அனுப்பியபோது பேட்டரிக் குறி சிவந்திருந்தது.

புரட்டாசியில் வேலை நிரந்தரமானது. வேண்டுதல் பலித்தது என்கிறாள் அவள் அம்மா. ஸ்பீக்கர் ராசியானது என்கிறான் மச்சான். இந்த ஆண்டு குழு கூடி, ஆழ்ந்து ஆலோசித்து, இன்னொரு ஸ்பீக்கரும் வாங்கத் தீர்மானித்திருக்கிறது.

"ஒண்ணு பாடினா இன்னொண்ணு ரெஸ்ட் எடுக்கும் மாமா. டேப்புக்கு லோடே இருக்காது," என்று எனக்கு விளக்க வந்தான். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அந்தப் பெண் வாசலில் நின்றாள்.

"அப்போ ரெண்டு குடை வாங்கணுமேண்ணா," என்றாள். அவன் அதைக் குறித்துக்கொண்டு போனான்.