சனிக்கிழமை இரும்பு

நகுலேஸ்வரனுக்குக் கை நடுங்கும். தேநீர்க் கோப்பையைத் தட்டோடு எடுத்தால் இரண்டும் மோதிக் கடகடவென்று சத்தம் போடும். ரவுண்ட் ராக்கில் எங்களுக்கு அடுத்த தெருவில் அவர் குடிவந்த புதிதில், மனிதருக்குக் குளிர் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஜூலை மாத டெக்ஸாஸில் எவனுக்குக் குளிரும்? எனக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

அவர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர். கொழும்பில் வரைபடம் போடும் வேலை, வெள்ளவத்தையில் வாடகை வீடு. எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த வீட்டுக் கதவைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரையும் மனைவி ஜெயமலரையும் தங்கள் குளியலறையில் ஒளித்து வைத்தது. ஜன்னல் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் கடல் தாண்டியும் விடவில்லை. இங்கே டாக்டராக இருந்த ஜெயமலரின் அண்ணன் தலைகீழாக நின்று இருவரையும் வரவழைத்து, ஆஸ்டினில் ஒரு நில அளவை ஆபீசில் அவருக்கு வேலையும் பார்த்துக் கொடுத்தார்.

நல்ல மனிதர். ஆனால் பயந்த மனிதர். காரை எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் நிறுத்துவார், ஓடுவதற்கு வசதியாக. பாஸ்போர்ட்டுகள் ஒரு துணிப்பையில் வாசலருகே ஆணியில் தொங்கும். முன்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். ஜெயமலர் நேர்மாறு. அடைத்துக்கொண்டு கிடந்தால் மூச்சு முட்டுகிறது என்று சமையலறைப் பின்கதவை வெறுமனே சாத்தி வைப்பாள். என் மனைவி மீனாக்ஷி அந்த வழியாகத்தான் போவாள் வருவாள். இவள் குழம்பு கொண்டு போவதும் அவள் புட்டு கொடுத்தனுப்புவதுமாக இரண்டு வீட்டுப் பாத்திரங்களும் எது யாருடையது என்று தெரியாதபடி கலந்துவிட்டன.

எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்தது. டெக்ஸாஸில் எண்ணெய் விழுந்தால் எல்லாமே விழும். பலருக்கு வேலை போயிற்று, அங்கங்கே திருட்டு. நகுலேஸ்வரன் வீட்டுக்கு எதிர்வரிசையில் பட்டப்பகலில் யாரோ புகுந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீசில் கூட வேலை பார்ப்பவர்கள், "இதற்கா இப்படிக் கவலைப்படுகிறாய், ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்டினில் அந்த வாரக்கடைசி துப்பாக்கிச் சந்தை.

"ஜம்பு அண்ணை, நீங்கள் ஒருக்கா கூட வாங்கோ. விலையில உங்களை ஒருத்தரும் ஏமாத்த ஏலாது" என்றார்.

அது உண்மை. கத்தரிக்காயானாலும் காரானாலும் நாலு இடத்தில் விலை கேட்காமல் நான் பையை எடுத்ததில்லை. அதற்காகத் துப்பாக்கிக்கு விலை பேசவா? தீபாவளிக்கு அணுகுண்டு வெடித்தால் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்த ஆள் நான். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தபோது ஜெயமலர் சமையலறையிலிருந்து சைகை காட்டினாள். தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி போனேன்.

"அண்ணை, துவக்கு உள்ள வந்தா நான் வெளிய போயிடுவன். அவரிட்டச் சொல்லிப் பாத்திட்டன், கேக்கிறார் இல்லை. நீங்கள் கூடப் போய் எப்பிடியாவது வாங்க விடாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஆக, அவருக்கு வாங்கிக் கொடுக்கவும் அவளுக்காக வாங்க விடாமல் தடுக்கவும் நான் ஒருவனே போனேன். இருதலைக்கொள்ளி எறும்பு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். சந்தை நடந்தது கால்நடைக் கண்காட்சி நடத்தும் பெரிய தகரக் கொட்டகையில். உள்ளே நுழைந்தோம். நீள நீளமான மேஜைகள், மேஜை கொள்ளாமல் துப்பாக்கிகள். வெள்ளைத் துணி விரித்து, புடவைக் கடையில் ரகம் பிரித்து அடுக்குகிற மாதிரி அடுக்கியிருந்தார்கள். நடுநடுவே கத்தி, பெல்ட், உப்புக்கண்டம், ஊறுகாய் பாட்டில். பெரிய தொப்பி போட்ட ஆண்களும், தள்ளுவண்டியில் குழந்தையோடு பெண்களும் சாவகாசமாக நடந்தார்கள். நான்கு பக்கமும் யாராவது ஒருவர் வெற்றுத் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டிக், டிக் என்று கொட்டகை முழுக்க அந்தச் சத்தம். ஒவ்வொரு டிக்குக்கும் நகுலேஸ்வரன் தோள் ஒரு முறை குலுங்கியது. எனக்கும்தான்.

"நகுலேஸ், பாத்தாச்சு இல்ல, திரும்பிப் போயிடலாமா?"

"இப்பதானே வந்தனாங்கள். விலையைக் கேளுங்கோ அண்ணை."

கேட்டேன். பயத்திலும் புத்தி தன் வேலையை விடவில்லை. கடையில் புதிதாக இருநூற்றைம்பது டாலருக்கு விற்கும் கைத்துப்பாக்கி இங்கே பழையது நூற்றைம்பதுக்கும் கீழே கிடைத்தது. வேலை போனவர்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். சிலவற்றின் பிடியில் அப்பன் பேரோ தாத்தன் பேரோ செதுக்கியிருந்தது. முதல் வரிசை மேஜைக்காரர்கள் அநியாய விலை சொன்னார்கள், சுவரோரத்து ஆட்கள் நியாயமாகச் சொன்னார்கள். தோட்டா மட்டும் ஊர்க் கடையிலேயே மலிவு. ரகத்துக்குக் குறைவே இல்லை. இத்தனையும் கணக்குப் போட்டு அவரிடம் சொல்லிவிட்டு, 'அட பாவி, நீ எதை விலை பேசிக்கொண்டிருக்கிறாய்' என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஓரிடத்தில் நகுலேஸ்வரன் நின்றுவிட்டார். ஒரு மரப் பீப்பாயில் பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளைத் துடைப்பக்கட்டை மாதிரி செருகி வைத்திருந்தார்கள். எதை எடுத்தாலும் ஒரே விலை என்று அட்டை தொங்கியது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுதான் அண்ணை. எங்கட சந்தியில பொலிஸ்காரன் வச்சிருந்தது இதுதான். வீடு எரியேக்க இதைத் தோளில போட்டுக்கொண்டு பேசாமல் பாத்துக்கொண்டு நிண்டவன்."

கோப்பையே இல்லாமல் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்து அந்த இடத்தைவிட்டு நகர்த்தினேன்.

சுவரோரத்துக் கடைசி மேஜையில் ஒரு கிழவர். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவராம், கிணற்றை மூடிவிட்டார்களாம். பக்கத்தில் அவர் மனைவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். "உட்காருங்கள் தம்பிகளா, காபி வேண்டுமா?" என்று அன்பாகத்தான் கேட்டார். நகுலேஸ்வரன் பார்வை ஒரு கறுப்புக் கைத்துப்பாக்கி மேல் விழுந்ததைக் கவனித்து, அதைத் திறந்து, தோட்டா இல்லை என்று காட்டி, அவர் கையில் வைத்தார்.

அப்போது நடந்ததை நான் மறக்க மாட்டேன். நடுக்கம் நின்றுவிட்டது. மூன்று வருஷமாக ஒரு கோப்பையை ஒழுங்காகப் பிடிக்காத கை, அந்த இரும்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. அவர் முகம்கூட மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த நகுலேஸ்வரன் அங்கே இல்லை. அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை துப்பாக்கிகளையும்விட அந்த ஒரு கைதான் என்னைப் பயமுறுத்தியது.

"பாத்தீங்களே? நடுங்கேல்லை" என்றார் மெதுவாக. "இதை எடுப்பம். நூற்றி நாற்பது சொல்லுறார். குறைச்சுக் கேளுங்கோ."

விலை கட்டாது, விட்டுவிடலாம் என்று நகுலேஸ்வரனிடம் சொல்ல வாயெடுத்தேன். கிழவரோ தானாகவே பத்து டாலர் குறைத்துவிட்டார். நகுலேஸ்வரன் பர்ஸை எடுத்தார். ஜெயமலரின் கலங்கிய கண் ஞாபகம் வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், என் வீட்டில் மீனாக்ஷி சொல்லி நான் நூறு தடவை கேலி செய்ததை நானே சொன்னேன்.

"சனிக்கிழமையும் அதுவுமா இரும்பு வாங்கறதா நகுலேஸ்?"

பர்ஸ் அப்படியே நின்றது. அவருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை ஒரு ஆணிகூட வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்.

"நல்ல காலம் சொன்னியள்" என்று பர்ஸை மூடிவிட்டு, கிழவரிடம், இன்று வாங்கக் கூடாது, நாளை நிச்சயம் வருகிறேன், எடுத்து வையுங்கள் என்றார். சனிக்கிழமை ஓய்வுநாள் கொண்டாடும் சபையைச் சேர்ந்தவர்களா என்று கிழவர் விசாரித்தார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அவர் மரியாதையோடு துப்பாக்கியைத் துணியில் சுற்றி மேஜைக்கடியில் வைத்தார். ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வானம் கறுத்து, இடியோடு மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது. மழை கொஞ்சம் விட்டதும் மீனாக்ஷி ஒரு பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள்.

"ஜெயமலரோட பாத்திரம். காலியா குடுக்கக் கூடாதுன்னு ரசம் வச்சிருக்கேன். பாவம், இருட்டுல அவ என்ன சமைச்சிருப்பா? சூடா இருக்கு, பாத்துப் போங்க."

கையிரண்டும் பாத்திரத்தில். முன்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். மீனாக்ஷி போகிற வழியிலேயே போவோம் என்று பின்பக்கம் போய், காலால் கதவைத் தள்ளினேன். குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நம் வீடுகளில் யார் கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள்?

இரண்டடி வைத்ததும் கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தி. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்கள். பாத்திரம் விழுந்து ரசம் என் காலில் கொட்டியது. மூச்சுக்காற்று முகத்தில் படும் தூரத்தில் நகுலேஸ்வரன். அவர் கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைக் காணவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

"இஞ்சருங்கோ!"

ஜெயமலர் சாமி விளக்கோடு ஓடிவந்தாள். "இது எங்கட ஜம்பு அண்ணை! அண்ணை!" என்று அலறினாள். விளக்கு வெளிச்சத்தில் அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், கத்தி பிடித்த தன் கையைப் பார்த்தார். கையைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு கத்தி கீழே விழுந்தது. அவர் அப்படியே ரசத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜெயமலர் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வீட்டுக்கு வந்து கால் இடறிப் பாத்திரம் விழுந்துவிட்டது என்று மீனாக்ஷியிடம் பொய் சொன்னேன்.

ஞாயிறு காலை போன் அடித்தது.

"அண்ணை, வாங்கோ. சந்தைக்குப் போவம்" என்றார் நகுலேஸ்வரன்.

வர மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் தனியாகப் போவார். கொப்புளம் கண்ட காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். கொட்டகைக்குள் அவர் எதையும் பார்க்காமல், நேரே சுவரோரக் கடைசி மேஜைக்கு நடந்தார். கிழவர் எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டே துணிப்பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் பிரித்தார்.

நகுலேஸ்வரன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "மன்னிக்க வேண்டும் ஐயா. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அதற்காக வந்தேன். எனக்கு இது வேண்டாம்" என்றார். விலை இன்னும் குறைக்கலாமே என்று கிழவர் சொன்னார். விலை நியாயமானதுதான், இவரே சொன்னார் என்று என்னைக் காட்டினார். பைக்குள்ளிருந்து கையை எடுக்கவே இல்லை.

காரில் ஏறிய பிறகுதான் பேசினார்.

"நேற்று இருட்டில என்ர கை நடுங்கேல்லை அண்ணை. அண்டைக்கு அலவாங்கால எங்கட கதவை உடைச்சவனை நான் இடுக்கால பாத்தனான். அவனுக்கும் கை நடுங்கேல்லை."

நான் சாவியை இன்னும் திருப்பவில்லை. "ட்ரைவ் பண்ணுங்கோ" என்றார்.

வீட்டு வாசலில் ஜெயமலர் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள். வெறுங்கை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து அவரிடம் நீட்டிவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

அவர் கோப்பையைத் தட்டோடு வாங்கினார். அது கடகடவென்று சத்தம் போட்டது. அதைக் கேட்ட பிறகுதான் ஜெயமலர் உட்கார்ந்தாள்.