விமானத்துக்கு வைத்த பொட்டு

ஈரத்துணி என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. வீட்டைத் துடைக்க ஈரத்துணி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மேசையைத் துடைக்கட்டும், ஜன்னலைத் துடைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பால்சா என்கிற லேசான கட்டையில் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் மெல்லிய காகிதம் ஒட்டிய இறக்கையை ஈரத்துணியால் துடைப்பவரை என்ன செய்வது?

திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எட்டுக்கு ஆறு அடியில் ஓர் அறை இருக்கிறது. அதில் நான் விமானம் செய்கிறேன். ரப்பரை முறுக்கி விட்டால் மூக்கில் இருக்கும் விசிறி சுற்றி, தானாகப் பறக்கும் சின்ன விமானங்கள். பிழைப்புக்கு அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலை. அது முடிந்து, சமையலும் முடிந்து, மிச்சமிருக்கிற நேரமெல்லாம் மாடி அறைதான். பதினைந்து வருஷமாக இப்படித்தான்.

அந்த அறையைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சொல்வேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. சுவரில் ஒரு பலகை. கத்தி, இடுக்கி, சின்ன ரம்பம், உப்புத்தாள் சுற்றிய கட்டை, ஒவ்வொன்றும் தொங்கும் இடத்தில் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்திருப்பேன். ஒன்று குறைந்தால் வெறும் கோடு பல்லைக் காட்டும். மேசைமேல் அன்றைய வேலை மட்டும்தான் இருக்கும். மழுங்கிய பிளேடுகள் போக ஒரு தகர டப்பா. எழுந்திருக்கும் முன் குண்டூசிகளை எண்ணிக் காந்தத்தில் ஒட்ட வேண்டும். ஒருமுறை எண்ணாமல் எழுந்ததற்கு என் குதிகால் சாட்சி.

விமானங்களை வைப்பது அதைவிடக் கஷ்டம். ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது, வெயில் படக்கூடாது, ஈரம் ஆகவே ஆகாது. இறக்கையைத் தனியாகக் கழற்றி, பழைய பருத்தி வேட்டியில் தைத்த உறைக்குள் போட்டு, கயிற்றில் தொங்கவிடுவேன். உடம்பை மூக்கு மேலே பார்க்க மர முளையில் மாட்டுவேன். மாத்திரை டப்பாக்களில் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் வருமே, ஆஸ்பத்திரியில் குப்பைக்குப் போகிற அவற்றையெல்லாம் பொறுக்கி வந்து உறைக்கு இரண்டாகப் போட்டு வைத்திருக்கிறேன். கதவில் ஒரு அட்டை: ‘ஈரம் ஆகாது. எதையும் தொடாதீர்கள்.’ எழுத்து அழகாக இருக்கட்டும் என்று என் கணவரை எழுதச் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். எழுதியவர் அவர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து வைத்திருக்கிற அறைக்கு வீட்டில் என்ன பெயர் தெரியுமா? பொம்மை ரூம். என்னைத் தேடி யாராவது வந்தால், “மேல பொம்மை ரூம்ல கீறா” என்பார் கணவர். பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற வரும் சொந்தக்காரர்கள் பையையும் செருப்பையும் எங்கே போடுவார்கள்? பொம்மை ரூமில். “பொம்மைதானே, கொஞ்சம் தள்ளி வெச்சா போச்சு” என்று ஒரு சித்தப்பா என் இறக்கை உறைகளைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் அவர் அடுத்த பௌர்ணமிக்கு லாட்ஜில் ரூம் எடுத்தார். அதற்கும் எனக்குத்தான் கெட்ட பெயர்.

போன வருஷம் ஆயுதபூஜை சமயத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையிலும் வேலூரிலும் என்னைப்போல் விமானம் செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள், போனில் மட்டும் பழக்கம். அவர்கள் விஜயதசமி அன்று விடியற்காலை அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் கூடிப் பறக்க விடுவதாக ஏற்பாடு. இத்தனை வருஷம் நான் தனியாகவே பறக்க விட்டு, தனியாகவே பார்த்து, தனியாகவே கைதட்டிக்கொண்டவள். விஷயம் தெரிந்தவர்கள் முன்னால் ஒரே ஒரு தடவை பறக்க விட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அதற்காகவே ஒரு வருஷம் உட்கார்ந்து மூன்றடி இறக்கையில் ஒரு விமானம் செய்தேன். மொத்த எடை இரண்டு எலுமிச்சம்பழம்தான் இருக்கும். காற்றில்லாத நாளில் இரண்டு நிமிஷம் மேலே நிற்கும்.

ஆயுதபூஜைக்கு ஆரணிப் பக்கத்திலிருந்து என் கணவரின் அக்கா வருவார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வந்தால் பௌர்ணமி வரை இருந்து, கிரிவலம் சுற்றிவிட்டுத்தான் போவார். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். ஆஸ்பத்திரிக்கு ஏது லீவு, அன்று காலையில் எனக்கு டியூட்டி. மதியம் இரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரிப் பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

சாமி அறையில் ஊதுவத்தி மணத்தது. பூஜை முடிந்திருந்தது. மனைப்பலகையில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி. அவற்றோடு என் கத்தி, என் இடுக்கி, என் ரம்பம், எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக. நடுவில் என் விமானம்.

இறக்கையைத் துடைத்திருந்தார்கள். காகிதம் ஈரத்தில் தொய்ந்து, காயும்போது இழுத்து, வலது பக்கம் அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் குழைத்த சந்தனத்தில் பொட்டுகள், இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு. மூக்கில் விசிறியோடு சேர்த்து ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. விமானத்தின் எடையில் பாதி!

எனக்கு அழுகை வரவில்லை. கத்தல்தான் வந்தது.

“யாரு மேல போனது? யாரு தொட்டது?”

“நான்தாம்மா,” என்று அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “ஒரே தூசி. ஒண்ணொண்ணா எறக்கித் தொடைச்சேன். தம்பிதான் ஏணியப் புடிச்சிகினான்.”

தம்பி! அந்த அட்டையை எழுதிய கையால் ஏணியைப் பிடித்திருக்கிறார்.

“ஈரம் படக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?” என்று பின்னால் வந்து நின்ற கணவரைக் கேட்டேன்.

“தெரியும். அக்கா ஆசையா செய்யுது. பொம்மைக்குப் போயி எதுக்குப் பேசணும்னு வுட்டுட்டேன்.”

அவர் பக்கம் திரும்பினால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன் என்று, மனசுக்குள் கணக்குப் போட்டேன். இப்போதே உட்கார்ந்து காகிதத்தை உரித்து, புதிதாக ஒட்டி, பூச்சு கொடுத்தால் ராத்திரி காய்ந்துவிடும். விடியற்காலை மைதானத்தில் இருக்கலாம். மனைப்பலகையில் இருந்த கத்தியை நோக்கிக் கை நீட்டினேன்.

“தொடாதம்மா,” என்றார் அண்ணி. “பூஜையில வெச்சத நாளைக்குக் காலைல மறுபூஜ பண்ணிட்டுத்தான் எடுக்கணும்.”

“அண்ணி, நாளைக்கு விடியறதுக்குள்ள இத நான் சரி பண்ணியாவணும். நீங்க செஞ்ச வேலைக்கு நான் இன்னா பண்றது சொல்லுங்க!”

“தண்ணி பட்டா கெட்டுடும்னு எனக்கு யாரும் சொல்லலியே,” என்றார். படிக்கத் தெரியாதவர், அட்டையைப் பார்த்து என்ன செய்வார்? குரல் இறங்கிவிட்டது. “தப்புதான். ஆனா நீ இதச் சொல்லு. வண்டிக்குப் பொட்டு வெக்கிறோம், மிக்ஸிக்கு வெக்கிறோம். வூட்லயே நீதான் ஜாஸ்தி நேரம் ஆயுதத்தோட ஒக்காந்துனுகீற. அதுங்களுக்கு இத்தினி வருசமா ஒரு பொட்டு இல்லியேன்னுதான் எறக்கினேன்.”

உண்மை. பதினைந்து ஆயுதபூஜை. தையல் மிஷினுக்கும் கிரைண்டருக்கும் என் கையாலேயே பொட்டு வைத்திருக்கிறேன். மாடிக்கு ஒருநாளும் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுபோனதில்லை. பொம்மை ரூம் என்று கணவர் சொன்னபோதெல்லாம் எரிச்சல்பட்டேனே தவிர, உள்ளுக்குள் நானும் அப்படித்தான் வைத்திருந்திருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கணவருக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? “எடுத்துக்கோ போ,” என்றார் தாராளமாக. “வெளாட்டு சாமானுக்கு மறுபூஜயாவது ஒண்ணாவது. சாமி ஒண்ணியும் சொல்லாது.”

அண்ணி என்னைத்தான் பார்த்தார். “வெளாட்டுன்னா எடுத்துக்கோம்மா. வேலைன்னா இன்னிக்கு அதுக்கு ஓய்வு. எதுன்னு நீயே சொல்லு.”

கத்தி ஒரு முழ தூரத்தில் இருந்தது. எடுத்தால் நாளைக்குப் பறக்கலாம். எடுத்தால் அது பொம்மை என்று கணவர் முன்னால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி. ஒரு வருஷத்து உழைப்பு ஒரு பக்கம், இந்த மனுஷன் வாயிலிருந்து வருகிற அந்த ஒரு சொல் ஒரு பக்கம். என்ன அநியாயம், இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்!

“வேலைதான்,” என்றேன். கையை இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சென்னைக்காரருக்குப் போன் செய்து நாளைக்கு வரவில்லை என்றேன். “ஏங்க, வீட்ல எதுனா விசேஷமா?” என்று கேட்டார். “இல்லீங்க, வேலை இருக்குது,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், ஹாலில் இருந்த கணவருக்குக் கேட்கட்டும் என்று.

மறுநாள் அவர்கள் அங்கே பறக்க விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் சாமி அறை வாசலில் நின்றிருந்தேன். மறுபூஜை முடிந்தது. கணவருக்குக் கடைக்குப் போக வேண்டிய அவசரம். “சாவியக் குடுக்கா,” என்று கையை நீட்டினார்.

“இருடா,” என்றார் அண்ணி. “வேலைக்குப் போறவ மொதல்ல எடுக்கட்டும்.”

மனையிலிருந்து முதலில் என் கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு, இனிமேல் ஈரத்துணியோடு மாடிப் பக்கம் வந்தால் அண்ணி என்றுகூடப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இறக்கையை எடுத்துக்கொண்டு மேலே வேலைக்குப் போனேன்.