கை அளந்த எட்டு வாரம்

என் இடது கை வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போவதாக இஞ்சு டேப் சொன்னது. டேப்பைப் பிடித்தவளை நான் நம்பவில்லை. பஜனைக்கு வரும் சகோதரிகளிடம் இதைச் சொல்ல எனக்கு வெகுநாள் கூச்சமாக இருந்தது. எழுதினால் முகம் பார்க்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

திரு-கொச்சி ராஜ்யம் வந்த பிறகு ஒரு மேட மாதத்தில், அதாவது சித்திரையில், என் இடது மார்பையும் அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். புற்று. ஆடி பிறந்து கர்க்கடகத்தில் கை வீங்கியது. "வாராவாரம் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். விடாமல் கூடினால் மறுபடி அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். நர்ஸ் முழங்கை எலும்பிலிருந்து நாலு இஞ்சு மேலே மையால் கோடு போட்டு, பதினொன்று என்று குறித்துக்கொண்டாள்.

தினம் இரண்டு வேளை குளிக்கிற வலியசாலை அக்ரகாரத்து வீட்டில் மை நிற்குமா? கோடு இருந்த இடத்தில் கோவில் காப்புக் கயிற்றைத் தளர்வாகக் கட்டிக்கொண்டேன். அதுதான் அடையாளம்.

வீட்டுக்காரரிடம் அந்தத் தோளைக் காட்ட மனம் வரவில்லை. அதனால் என் ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி கோமதி அளந்தாள். எண் விழும் பக்கம் என் கண்ணுக்கு எட்டாது. பதினொன்றேகால் என்றாள். அப்புறம் பதினொன்றரை. எட்டாவது வாரம் பன்னிரண்டு.

"தளர விட்டுப் பிடிச்சியோ?" என்று கேட்டேன்.

"ரவிக்கை தைக்கறவளுக்கு டேப் பிடிக்கத் தெரியாதா மன்னி? வேணும்னா ஒம்பதுன்னு எழுதிக்கோங்கோ. டாக்டர் சந்தோஷப்படட்டும்."

அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் சாமான் அறைச் சாவி யாரிடம் போகும் என்று நினைத்தேன். அவள் கலந்து தந்த காப்பியைக்கூட ஆறவிட்டு, முகர்ந்துதான் குடித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு என்று சொல்லியனுப்பியதும் டாக்டர் வந்து சேரச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாளுக்கு முன்தினம் சாயரட்சைக்குக் கோவிலுக்குப் போனேன். கை குணமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "பத்மநாபா, யார் பொய் என்று காட்டு" என்றுதான் கேட்டேன். அழுகைகூட வரவில்லை. பயம்தான் இருந்தது.

மறுநாள் கோமதிதான் துணைக்கு வந்தாள். அதே மலையாள நர்ஸ் என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தா அம்மா, இந்தக் கயிறு பார்த்தோ அளந்தது?"

"ஆமாம் சிஸ்டர்."

"இது முழங்கைலேந்து ஏழு இஞ்சு மேலே இருக்கல்லோ. யாரு இங்கே தள்ளினது?"

கோமதி என்னைப் பார்த்தாள். தள்ளியது நான்தான். இந்த எட்டு வாரமாகக் குளிக்கும்போதெல்லாம் கயிறு முழங்கைக்கு நழுவி வந்தது. சமையலில் எச்சிலோ சோற்றுப் பத்தோ அதில் பட்டுவிடுமே என்று, அது பிடித்து நிற்கிற இடம்வரை ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுவேன். அங்கே கை இயல்பாகவே பருமன். கோமதி கயிறு இருந்த இடத்தில் நேர்மையாக அளந்திருக்கிறாள்.

நர்ஸ் எலும்பிலிருந்து நாலு இஞ்சு எண்ணி அளந்தாள். பத்தரை. கை இளைத்ததால்தான் கயிறு நழுவியிருக்கிறது.

"அந்தக் கையிலே ஒண்ணும் கட்டக்கூடாது" என்று கயிற்றைக் கத்தரித்து என் வலக்கையில் கட்டினாள். டாக்டர் அக்குளைத் தடவிப் பார்த்து, கத்தி வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பியையும் சொன்னேன்.

"விஷம் வைக்கிறவளா இருந்தா சக்கரை கம்மியாவா போடுவேன்?" என்றாள். மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி "மன்னி" என்று கூப்பிட்டாள்.

நான் கேட்டதைப் பகவான் மறுநாளே காட்டிக்கொடுத்தார். கேட்காத ஆரோக்கியத்தையும் அதற்கு முன்பே தந்திருந்தார். அன்றிலிருந்து யார்மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் என் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

சகோதரிகளே, மார்பில் கட்டி தட்டுப்பட்டு, வெட்கத்தால் ரவிக்கைக்குள் மறைத்துவைத்திருப்பவர் நம்மில் இருக்கலாம். நானும் நாலு மாதம் மறைத்தேன். பகவானிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நானும் கோமதியும் வருகிறோம்.