தம்பியின் படத்தைப் பார்த்தவர்கள்

தம்பியைப் பற்றி எடுத்த படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிங்களத் தொலைக்காட்சி ஒன்றில் போனது. அன்று எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. ஒரே கூரையில் வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பிந்தி வந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றே பார்த்தார்கள். அப்பா டி.வி.க்கு நேராக நாற்காலி போட்டு, தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தோட்டம் றக்வானை டவுனுக்கு மேலே இருக்கிறது. மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ரப்பர். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது வேலையை விட்டு நின்றுவிட்டார். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள். நான் டவுனில் போட்டோகொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போடும் கடையில் வேலை செய்கிறேன். என் தம்பி கொழும்புப் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் சமையலுக்கு உதவும் வேலைக்குப் போனான். அறையில் கூட இருந்த பையனோடு ஜிம்முக்குப் போய், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை ஒன்றைப் பழகிக்கொண்டான். கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதற்கு அவன் எம்.எம்.ஏ. என்று பெயர் சொல்வான். அம்மா அதைக் 'கூட்டுக்குள்ள அடிச்சிக்கிறது' என்பாள்.

படம் எடுக்க வந்தவர்கள் மரியாதையான ஆட்கள். டைரக்டர் ஒரு சிங்களப் பெண். அம்மா கொடுத்த ரொட்டியை நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் எங்கள் வீட்டு பிரிட்ஜ் வெளிச்சத்தில் பளபளக்கிறது என்று சொல்லி, இரண்டு பையன்களை வைத்து அதை வெளியே தூக்கி வைத்தாள். சட்டையோடு நின்ற அப்பாவிடம், வேலைக்குப் போகும்போது உடுத்தும் உடுப்பைப் போட்டு வரச் சொன்னாள். அப்பா பழைய பனியனைத் தேடிப் போட்டார். பால் வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டச் சொன்னாள். வேலையை விட்ட மனிதர், பெட்டிக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து வந்து ஆசையாகத்தான் தீட்டினார். எங்கள் வீட்டுக்குள் போதிய இடமில்லை என்று, லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டின் இடிந்த சுவருக்கு முன்னால் தம்பியை நிறுத்திப் பேசவைத்தார்கள்.

படம் தொடங்கியதும் முதல் சத்தம் அந்தக் கடைசிக் காம்பரா அக்காவிடமிருந்து வந்தது.

"இது எங்க வூட்டு செவுருல்ல! இவுங்க வூடுன்னு காட்டுறானுங்க!"

"பிரிட்ஜ எங்க? வெளிய தூக்கி வெச்சவுங்க வெளிய வெச்சாவது காட்டக்கூடாதா?" என்று அம்மா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு தம்பியின் முகம் திரை முழுக்க வந்தது. அவன் சிங்களத்தில் பேசினான். சிங்களம் அவனுக்குத் தமிழைவிட வேகமாக வரும். யாரோ கேட்ட, எங்களுக்குக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல், "நான் வாங்கின முதல் அடி அப்பாவிடம் வாங்கியது" என்றான். அதோடு அவன் முகம் திரையிலிருந்து போய்விட்டது. அப்பா வந்தார். பனியனோடு, குனிந்து, கத்தியைக் கல்லில் இழுத்தார். அந்தச் சத்தத்தோடு மேளம் மாதிரி ஏதோ ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அந்தக் காட்சி நெடுநேரம் ஓடியதாக எனக்குப் பட்டது.

ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒருவர் இருமினார்.

கூண்டுக்குள் சண்டை வந்ததும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். தம்பி எதிராளியைத் தூக்கிப் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து குத்தினான். வாசலில் நின்ற பழைய கங்காணி டி.வி.யைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார்: "விழுந்தவன ஏன்டா அடிக்கிற?" பையன்கள் அவரை அதட்டினார்கள். நடுவர் வந்து தம்பியை இழுத்துவிட்டதும் கை தட்டினார்கள். படம் முடிந்தது. "நல்லாருந்திச்சி, நல்லாருந்திச்சி" என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அப்பாவிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாற்காலியை எடுத்துச் சுவரோடு போட்டார்.

மறுநாள் கடையில் என் முதலாளி, ஒரு முஸ்லிம் மனிதர், போனில் படத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிட படம் நல்லா ஈந்திச்சி மகள். ஆனா, வாப்பாவ அப்பிடிக் காட்டியிருக்கத் தேவல்ல" என்றார்.

"அப்பா அப்பிடி ஆளு இல்லீங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும். பாக்குற ஆக்களுக்குத் தெரியுமா?"

பார்க்கிற ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பதை நான் கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் படித்தேன். படத்துக்குக் கீழே சிங்களத்தில் நிறையப் பேர் 'அப்பே எக்கா', நம்ம ஆள், என்று எழுதியிருந்தார்கள். சிலர் அந்தக் குத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இடது கையை இன்னும் உயர்த்த வேண்டும் என்று புத்தி சொல்லியிருந்தார்கள். வேறெங்கோ இருந்த தமிழர் ஒருவர், தமிழன் ஏன் சிங்களத்தில் பேசுகிறான் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், றக்வானைக்கு பஸ் ஏறி வந்து பார், சிங்களம் இல்லாமல் நாள் போகுமா என்று தெரியும் என்று பதில் போட்டிருந்தார். மிச்சமெல்லாம் அப்பாவைப் பற்றி. குடிகார அப்பன். இப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளைகள் எதற்கு. பாவம் இந்தப் பையன், அந்தக் கோபம்தான் இவனை ஜெயிக்கவைக்கிறது. அப்பா குடிக்கிற ஆள் இல்லை. படத்தில் யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. பார்த்தவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

நான் அதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அது வீட்டுக்கு வர வேறு வழி இருந்தது. அப்பாவுக்குப் பிரஷர். மாதாமாதம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்குவார். அந்த மாதம் வரிசையில் இருந்தபோது பக்கத்திலிருந்த சிங்களப் பெண் அவரை உற்றுப் பார்த்திருக்கிறாள். டி.வி.யில் வந்த பையனின் அப்பாதானே என்று கேட்டிருக்கிறாள். அப்பா சந்தோஷமாக ஆமாம் என்றிருக்கிறார். "பிள்ளையை ஏன் அப்படி அடித்தீர்கள்?" என்றிருக்கிறாள். கோபமாகக்கூட இல்லை. வருத்தமாகக் கேட்டிருக்கிறாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அப்பா எழுந்து, மாத்திரை வாங்காமலே பஸ் ஏறி வந்துவிட்டார்.

அடுத்த மாதமும் அவர் போகவில்லை. அம்மா கத்திப் பார்த்தாள், பிறகு அழுது பார்த்தாள். ஒரு நாள் காலையில் தலை சுற்றி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் தம்பிக்கு போன் எடுத்து, "நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு இங்க என்னா நடக்குதுன்னு வந்து பாரு" என்றேன்.

அவன் அந்த வாரமே வந்தான். மூக்கில் பழைய வீக்கம் இருந்தது. அப்பா முற்றத்தில் பலாக்காய் அரிந்துகொண்டிருந்தார். தம்பி எதிரில் குந்தினான். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம்.

"எத்தன தடவடா ஒன்னைய அடிச்சிருக்கேன்?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு தடவப்பா."

"ஏன் அடிச்சேன்னு சொன்னியா?"

"சொன்னேன்ப்பா. குழியப் பத்தி எல்லாம் சொன்னேன். அத வெட்டிட்டாங்க."

குழி என்றது மாணிக்கக் குழி. தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில், பையை ஒரு புதரில் ஒளித்துவிட்டு, கீழே வயலோரத்தில் மாணிக்கம் தோண்டுகிறவர்களோடு சேறு இழுக்கப் போய்க்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்திலேயே ஒரு குழி மண் சரிந்து ஒரு ஆளை மூடியிருந்தது. அவரைத் தூக்கி வந்தபோது அப்பா அங்கே நின்றார். அதற்குப் பிறகும் தம்பி போகிறான் என்று தெரிந்த அன்றுதான் அப்பா பெல்ட்டை எடுத்தார்.

"வெட்டிட்டாங்கன்னா நீ கேக்கலியா?"

"கேட்டேன். படம் நீளமாப் போயிருச்சாம்."

"குழிக்குத்தான் நீளமாப் போச்சா? நான் கத்தி தீட்டுறதுக்கு எடம் இருந்திச்சே."

"ஆனா நீங்க அடிச்சது உண்மதானேப்பா" என்றான் தம்பி.

அப்பா கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். அம்மா இடையில் புகுந்தாள். "அவன் போதும்ப்பா, போதும்ப்பான்னு கத்துனான். நானும் கத்துனேன். நீங்க நிறுத்தலியே. கை ஓஞ்ச பொறகுதான் நிறுத்துனீங்க. குழிக்காக அடிச்சீங்க, சரி. அம்புட்டு அடிக்கணுமா?"

அது நடந்த அன்று நானும் இருந்தேன். அம்மா சொன்னது சரி. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா பலாப்பால் ஒட்டிய கையைத் துணியில் துடைத்தார், அது போகவில்லை. எண்ணெய் போட்டுத் துடைக்க உள்ளே போனார்.

பின்னேரம் தம்பி புறப்படும்போது அப்பாவே கேட்டார்: "அடுத்த சண்ட எப்ப?"

"வர்ற மாசம்ப்பா."

"நான் வரலாமா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். "மாத்திர போட்டாத்தான் போகலாம்" என்றாள் அம்மா. அப்பா மறுநாளே கிளினிக்குக்குப் போனார்.

கொழும்புக்கு அப்பாவும் நானும் போனோம். அம்மா வர மறுத்துவிட்டாள். சண்டை நடந்தது ஒரு பெரிய உள்ளரங்கில். பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. நாங்கள் உட்கார்ந்த சற்று நேரத்தில் இளைஞர்கள் சிலர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவர்கள், "தாத்தே, ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டார்கள். சிங்களத்தில் தாத்தே என்றால் அப்பா. படத்தில் அந்தக் கத்திக் காட்சிதான் சூப்பர் என்றான் ஒருவன். அப்பா எழுந்து அவர்களுக்கு நடுவில் நின்றார், சிரிக்கவில்லை.

தம்பியின் எதிராளி காலி ஊர்ப் பக்கத்துப் பையன். நீளமான கை. முதல் சுற்றில் தம்பி நன்றாகத்தான் செய்தான். இரண்டாவதில் இருவரும் கட்டிப் புரண்டு விழுந்தார்கள். எழும்பப் பார்க்கும்போது அந்தப் பையன் தம்பியின் கையைத் தன் காலிடுக்கில் சிக்கவைத்துப் பின்னால் வளைத்தான். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தம்பி மற்றக் கையால் எதிராளியின் தொடையில் படபடவென்று தட்டினான். அந்தப் பையன் உடனே விட்டுவிட்டான். நடுவர் இருவரையும் பிரித்தார். விட்ட கையோடு அந்தப் பையன் தம்பியின் முதுகைத் தடவி ஏதோ கேட்டான். தம்பி தலையாட்டினான்.

"என்னா, முடிஞ்சிருச்சா?" என்றார் அப்பா.

"தம்பி தோத்துட்டான்ப்பா."

"எதுக்குத் தட்டுனான்?"

"போதும்னு அர்த்தம். தட்டுனா உடனே விட்டுறணும். அதுதான் சட்டம்."

"யாரு தட்டுனாலுமா?"

"யாரு தட்டுனாலும்."

அப்பா கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சண்டைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் அவர்களையும் பார்த்தார், மேலே கிடந்தவனை அல்ல, கீழே கிடந்தவனின் கையை. பிறகு, "நல்ல சட்டம்" என்றார்.

வெளியில் தம்பி தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு வந்தான். அப்பாவுக்கு முன்னால் தோற்றதில் அவனுக்கு வெட்கம். அப்பா அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார், ஒரு கையை அவனால் தூக்க முடியவில்லை.

"அன்னைக்கு நீ போதும்னு சொன்னது எனக்குக் கேட்டிச்சிடா" என்றார்.

"தெரியும்ப்பா" என்றான் தம்பி. வாகனங்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அப்பா கடைசிப் பொத்தானைத் தப்பான காஜாவில் போட்டுவிட்டு, கழற்றி, மறுபடி சரியாகப் போட்டார். பிறகு மூவரும் கொத்து ரொட்டி சாப்பிடப் போனோம். அவர்கள் அதைப் பற்றி மறுபடி பேசி நான் கேட்டதில்லை.

படம் இன்னும் போனில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புதிது புதிதாக யாராவது பார்த்து அப்பாவைத் திட்டுகிறார்கள், யாராவது அப்பாவுக்காகப் பேசுகிறார்கள். இருவருக்கும் அவரைத் தெரியாது. நான் இப்போது படிப்பதில்லை. டைரக்டர் ஒருமுறை கடைக்கு போன் எடுத்தாள். படத்துக்கு நல்ல வரவேற்பு, வெளிநாட்டிலும் காட்டப்போகிறார்கள் என்றாள். குழியைப் பற்றிய பகுதியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றாள். சேர்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

தம்பியின் தோள் முழுதாக ஆறவில்லை. ஹோட்டலில் வெங்காயம் உரிக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த சண்டைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அப்பா அவனுக்கு போன் எடுக்கும்போதெல்லாம் எப்போது என்று விசாரிக்கிறார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலுக்குப் போய், அந்த நாள் வரவே கூடாது என்று கும்பிட்டுவிட்டு வருகிறாள்.