டிவிக்குள்ளே ஒரு சோளக்காடு

சோபாவில் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் அன்புச்செல்வி அதில் உட்காரமாட்டார். சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துவந்து டிவிக்குப் பக்கத்தில் போடுகிறார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறார். அவர் வாயில் அதற்குப் பெயர் ரிமோட்டு. “சோபாவுல சாஞ்சுக்கிட்டு யாராச்சும் காட்டு வேலை செய்வாங்களாங்ணா?” என்று என்னைக் கேட்கிறார். அந்த சோபாவில் சாய்ந்திருப்பவன் நான்தான்.

டிவிக்குள் டிராக்டர் புறப்படுகிறது. வண்டி இடது பக்கம் வளைந்தால் இவரும் ஸ்டூலோடு இடது பக்கம் சாய்கிறார். மேட்டில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார். அந்த விளையாட்டில் வருவது ஏதோ ஓர் ஐரோப்பிய ஊர். காட்டுக்கு, அதாவது அவருடைய வயலுக்கு, போகும் வழியில் ஒரு சர்ச் உண்டு. அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கையை விடுவித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு நொடியில் ஒருநாள் டிராக்டர் நேராகப் போய் வேலியில் முட்டிவிட்டது. “உங்களக் கும்புட்டதுக்கு நல்லாப் பண்ணுனீங்க சாமி” என்று சாமிக்கே திட்டு விழுந்தது.

கோவை கணபதியில் நான் மாடியில் குடியிருக்கிறேன். அவர் குடும்பம் கீழே. ஐம்பதைத் தொட்டுவிட்ட அன்புச்செல்வி இரண்டு தெரு தள்ளி ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறார். சாயங்காலம் வீடு திரும்பும்போது வார்னிஷ் வாசமும் கூடவே வரும். கணவர் ரூபன் லாரி டிரைவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டுக்கு வந்தால் டிவியில் ஸ்டியரிங்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவார். மகள் கீதா சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறாள்.

அந்த விளையாட்டுப் பெட்டி கீதாவுடையது. முதல் சம்பளத்தில், கார் பந்தயம் ஓட்டவும் துப்பாக்கி சுடவும் ஆசைப்பட்டு வாங்கியது. தள்ளுபடியில் கிடைத்ததே என்று விவசாய விளையாட்டு டிஸ்க் ஒன்றையும் சேர்த்து வாங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சித்த குடு கண்ணு, என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்” என்று அம்மா ரிமோட்டை வாங்கினார். அன்றைக்கு வாங்கியதுதான், இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் பெரிய தகராறு. ஆடி மாதம் பிறந்ததும் மக்காச்சோளம் விதைக்கக் கிளம்பினார். இப்போது விதைக்க முடியாது என்றது விளையாட்டு. அதன் கணக்கில் சோளத்துக்கு உரிய மாதம் சித்திரை, வைகாசி. “ஆடிப் பட்டத்துல வெதைக்காம வேற எப்ப வெதைக்கறதாம்? இதைச் செஞ்சவனுக்கு வெவசாயமே தெரியாதுங்ணா” என்று என்னிடம் வந்து முறையிட்டார். நான்தான் அதைச் செய்தவன் என்பதுபோல என்னை முறைத்தார். அந்த ஊரில் பனி கொட்டும், நம் பருவம் அங்கே எடுபடாது என்று கீதா படம் போட்டு விளக்கினாள். ஒருவழியாக ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஆடி பதினெட்டு அன்று ஒரு மூலையில் புல் விதையாவது தூவாமல் இருக்கமாட்டார்.

இப்படியே வருடங்கள் ஓடின. கையளவு நிலத்தில் தொடங்கியவருக்கு இன்று திரை கொள்ளாத காடு. சோளம், கோதுமை, ஒரு பட்டி நிறைய மாடுகள். எல்லா மாட்டுக்கும் பட்டறையில் கூட வேலை செய்யும் பெண்களின் பெயர். யாருக்கும் இதுவரை தெரியாது, இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

விளையாட்டுதானே என்று நானும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “எங்கப்பன் ஐயாசாமி கண்ண மூடற வரைக்கும் அடுத்தவிய காட்டுலதானுங்ணா பாடுபட்டாரு. எங்கம்மாளும் அப்படித்தான். கண்ணுக்கு எட்டற வரைக்கும் என்னுதுன்னு சொல்லிக்கறதுக்கு எனக்கு ஒண்ணு இருக்குது. அது டிவிக்குள்ள இருந்தா என்னுங்க, வெளிய இருந்தா என்னுங்க?” என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்றிலிருந்து அதை விளையாட்டு என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

போன ஆயுத பூஜைக்குத்தான் வினை வந்தது. பட்டறையில் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மேலே பொரி கடலை வைப்பார்கள். பட்டறைப் பூஜையை முடித்துவிட்டு வந்தவர் வீட்டுப் பெட்டியையும் விடவில்லை. துடைத்தார், பொட்டு வைத்தார், அதன் தலைமேல் பொரியும் பொட்டுக்கடலையும் தாராளமாகக் குவித்தார். பெட்டியின் தலையிலே காற்றுப் போக ஓட்டைகள் இருப்பதை யார் நினைத்தார்கள்? மறுநாள் சோளம் அறுவடைக்கு நிற்கிறது, இவர் ரிமோட்டும் கையுமாக இருக்கிறார், வீடு முழுக்கப் பொரி வறுபடும் வாசனை. “கீதா, அடுப்புல என்ன வெச்சே?” என்று சமையலறைப் பக்கம் திரும்பினார். அடுப்பில் ஒன்றும் இல்லை. பெட்டி ஒரு தடவை கரகரவென்று இருமிவிட்டு அணைந்துபோனது.

காந்திபுரத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ரைஹானிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கடை வாசலுக்குப் போய் நின்று சிரித்துவிட்டு வந்தார்.

“அக்கா, இத்தனை வருசத்துல உள்ள கரப்பான் பாத்திருக்கறேன், பல்லி பாத்திருக்கறேன். பொரி இப்பத்தான் பாக்கறேன்.”

“அது கெடக்குது தம்பி. என்ற காடு இருக்குதா, போச்சா?”

ரைஹான் முகம் மாறியது. “உள்ள சுத்தற ஃபேன் ஒடைஞ்சுபோச்சுக்கா. வேற வரணும். சூட்டுல உங்க காடு பதிஞ்சிருக்கற ஹார்ட் டிஸ்க்கும் அடி வாங்கியிருந்தா எல்லாம் போயிருக்கும். ஃபேன் மாட்டி ஓட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வீடு திரும்பினோம். வாசல் கேட்டுக்கு வந்ததும் அன்புச்செல்வி மெதுவாகக் கேட்டார்: “அறுக்க நின்ன சோளமுங்ணா. தாங்குங்களா?” எனக்கு என்ன தெரியும்? தாங்கும் என்று துணிந்து சொன்னேன்.

அம்மா முகம் தொங்கிக் கிடப்பதைக் கீதாவால் பார்க்க முடியவில்லை. அன்று மாலையே டிவியில் எதையோ தட்டி, மாதச் சந்தா கட்டி, ஸ்ட்ரீமிங் போட்டுவிட்டாள். “இனிமே பொட்டியே வேண்டாம்மா. கேம் எங்கியோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓடும். நமக்குப் படம் மட்டும் நெட்டுல வரும். இந்த ரிமோட்டே போதும்.”

“அப்ப என்ற டிராக்டர் எங்க நிக்கும்?”

“மும்பைலன்னு வெச்சுக்கயேன்.”

“அட கெரகமே! டிராக்டரை மும்பைல நிறுத்திப்போட்டுக் கணபதியில உக்காந்து ஓட்டறதா?”

ஓட்டினார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பழைய பெட்டி ரைஸ் மில் மாதிரி சத்தம் போடும், இதில் சத்தமே இல்லை. சூடும் இல்லை, பொரிக்கும் பயப்பட வேண்டாம். விளையாட்டும் புதிய பதிப்பு, டிராக்டர்கள் பளபளவென்று இருந்தன. ஆனால் பழைய காடு இதற்குள் வராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரி என்று சின்ன நிலத்தில் மறுபடி சோளம் போட்டார். எங்கள் தெருவில் குழாய் பதிக்கக் குழி தோண்டியபோதுதான் நெட் இழுத்தது. “ரிமோட்டைத் திருப்புனா, சித்த நேரம் யோசனை பண்ணிப்போட்டு அப்பறம் திரும்புதுங்ணா. எங்கூட்டுக்காரரைக் கூப்புட்ட மாதிரியே இருக்குது” என்றார். உள்ளே படுத்திருந்த ரூபன் செருமினார்.

“இன்னும் கொஞ்ச வருசத்துல பொட்டியெல்லாம் யாருமே வாங்கமாட்டாங்க பாருங்க அங்கிள்” என்று கீதா அடித்துச் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது? நான் கேட்கும் பாட்டும் பார்க்கும் படமும் எல்லாம் எங்கேயோ இருந்துதான் வருகின்றன. என் அலமாரியில் இருப்பது கொசுவர்த்தியும் மின்கட்டண ரசீதும்தான்.

மாதக் கடைசி நெருங்கும்போது திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. கீதா படித்தாள். படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். இந்த விளையாட்டு இம்மாத இறுதியுடன் சந்தாவிலிருந்து எடுக்கப்படுகிறது என்று இருந்தது.

“எடுக்கறதுன்னா?”

“ஒண்ணாந்தேதியில இருந்து இது இருக்காதும்மா. வேற கேம் வரும். இதைவிட நல்லதாவே வரும்.”

“பயிர் வெச்சிருக்கறேன் அம்மணி.”

“அம்மா, சந்தான்னா அப்படித்தான். கட்டற வரைக்கும், அவங்க வெச்சிருக்கற வரைக்கும்தான் நம்முளுது.”

அன்புச்செல்வி ரிமோட்டைத் தரையில் கவிழ்த்து வைத்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். “எங்கப்பன் ஒரே ஒரு வருசம் குத்தகைக்குக் காடு புடிச்சாருங்ணா. கொத்துக் கொத்தாக் காய்ச்சுது தக்காளி. நல்லா வெளையுதுன்னு தெரிஞ்சதும் மறு வருசம் காட்டுக்காரரு நானே பண்ணிக்கறேன்னு சொல்லிப்போட்டாரு. சண்டை, ஓரியாட்டம்னு பண்ண முடியுமா? அவரு காடு. இது எந்தூரு காட்டுக்காரனோ, மூஞ்சி கூடத் தெரியல.” கீதா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தான் நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாளே ரைஹானிடமிருந்து அழைப்பு. பட்டறையில் பர்மிஷன் போட்டுவிட்டு அன்புச்செல்வி என்னையும் கிளப்பினார். கடையிலிருந்த பழைய டிவியில் பெட்டியை மாட்டி ரைஹான் பொத்தானை அமுக்கினார். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அன்புச்செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு விலகியது. சோளம், விட்ட இடத்தில் விட்டபடி, அறுவடைக்கு நின்றது. ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

“அழுகறேன்னு சிரிக்காதீங்ணா” என்றார். நான் எங்கே சிரித்தேன்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதே, கடை என்னாகும் என்று ரைஹானைக் கேட்டேன். “கடைய மூடணும், மூடணும்னு எல்லாரும் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. பொட்டியும் வந்துக்கிட்டேதான் இருக்குது. நான் ஊட்ல ஸ்ட்ரீமிங்லதான் ஆடறேன், யாருகிட்டயும் சொல்லிராதீங்க” என்று குரலைத் தாழ்த்தினார்.

பெட்டி வீடு வந்து சேர்ந்தது. நின்ற சோளம் அன்றே அறுக்கப்பட்டது. ரூபனே எழுந்துவந்து ஐந்து நிமிடம் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழே இறங்கிப் போனேன். அன்புச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். டிவியில் இருந்தது அவருடைய பெரிய காடு அல்ல. பக்கத்தில் பெட்டி அணைந்து கிடந்தது. அது சந்தாவில் வந்த சின்ன நிலம், நாளைக் காலை இல்லாமல் போகப்போகிற நிலம்.

“காலைல இருந்து இதேதான் அங்கிள். நீங்களாச்சும் சொல்லுங்க” என்றாள் கீதா. “நாளைக்கு எல்லாமே போயிரும்மா. இதை அறுத்து என்ன பண்ணப்போறே?”

“வெளைஞ்ச பயிரை நிக்க உட்டுப்போட்டு வரச் சொல்றியா? கைதான் சும்மா இருக்குமா?”

கடைசி வரிசையும் முடிந்தது. சோளத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார், இயந்திரத்தைக் கொட்டகையில் நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்து, டிவியை அணைக்கக் கீதா கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். டிராக்டரை வெளியே எடுத்துப் பின்னால் கலப்பையை மாட்டினார்.

“இன்னும் என்னம்மா?”

“திருப்பிக் குடுக்கற காட்டைச் சோளக்கட்டையோடயா குடுக்கறது?”

வாங்கிக்கொள்ள அங்கே யாரும் வரப்போவதில்லை. அது தெரிந்தும் கீதா அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அன்புச்செல்வி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு, காட்டின் மூலைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கலப்பையை இறக்கி, முதல் உழவுச் சால் நேராக விழும்படி பிடித்து ஓட்டினார்.