மூன்று சாக்குத் தேயிலை

முகம் முழுக்க அடுப்புக்கரியும் தேங்காய் எண்ணெயும். வெயிலில் அது வழிந்து வாய்க்குள் போனது. அந்தக் கரியின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது...

வந்தாறுமூலை கெம்பஸில் அப்போது இரண்டாம் வருடம். அமெரிக்க வரலாறு எங்களுக்கு ஒரு பாடம்.

"ஆளுக்கொரு திருப்புமுனைய எடுங்க. நோட்ஸ் வாசிக்கிற வேலை வேணாம். பாக்கிறவனுக்குக் கண்ணுக்கு முன்னால நடக்கணும்" என்றார் சேர்.

உள்நாட்டுப் போர், அடிமை ஒழிப்பு, நிலாவில் கால் வைத்தது எல்லாவற்றையும் கெட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் குரூப்புக்கு மிஞ்சியது பொஸ்டன் துறைமுகம். பிரித்தானியன் போட்ட வரியில் கோபம் வந்து, ஆட்கள் முகத்தில் கரி பூசிச் செவ்விந்தியர் வேஷம் போட்டுக் கப்பலேறித் தேயிலைப் பெட்டிகளைத் தண்ணீரில் எறிந்தார்களே, அது.

"தேத்தண்ணிக்கு ஒரு நாடே பிரிஞ்சிருக்கு மச்சான். நம்மட கன்ரீன்காரன் கவனமா இருக்கணும்" என்றான் சசி. கிரான்காரன். வாய் சும்மா இருக்காது.

வீடியோ எடுப்பதென்று முடிவு. எங்கள் ஊர் ஆறுதான் துறைமுகம், என் மாமாவின் மீன்பிடித் தோணிதான் கப்பல். தேயிலைக்கு எங்கே போவது? சசி மில்லில் இருந்து மூன்று உரப்பையில் உமி கொண்டுவந்தான். உமி மிதக்கும் என்று உள்ளே கல்லும் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினோம். எங்கள் குரூப்பின் மூன்றாவது ஆள் வெல்லாவெளிச் சுகந்தி கரையில் போனோடு நின்றாள்.

பின்னேர வெயில். தலையில் சேவல் இறகு செருகிக்கொண்டு நானும் சசியும் தோணியில் எழும்பி நின்றோம். ஒரு சாக்கு... தொபுக். இரண்டாவது... தொபுக். சசி இங்கிலீஷில் என்னவோ கத்தினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாவதைத் தூக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"போடாதீங்க! ஐயோ, போடாதீங்க!"

எங்கள் அம்மா வயதில் ஒரு பெண். கரையோர வீட்டில் இருந்து ஓடிவந்தவர், உடுத்த சாறியோடு நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். மீன் செத்துவிடும் என்று ஏசுகிறார் என்றுதான் நினைத்தோம்.

"அம்மா, ஒண்டுமில்ல... நாடகம்" என்று சசி கத்தினான்.

அவருக்கு அது காதில் விழவில்லை.

"சாக்குக்குள்ள ஆரு மனே? ஆரு?"

சசியின் கரி முகத்தைப் பார்த்தேன். என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும். முகம் தெரியாத இரண்டு பேர், வாய் கட்டிய சாக்கு, ஆற்றுத் தண்ணீர்... நாங்கள் செய்துகொண்டிருந்தது அவர் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தோணியைக் கரைக்கு விட்டோம். என் கையில் இருந்த சாக்கை அவர் பறித்து முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். உமி கொட்டியது. அடிவரை கை விட்டுத் துழாவினார்.

"மத்த ரெண்டையும் எடுங்க."

சசி ஆற்றில் குதித்தான். கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கி இரண்டையும் இழுத்துவந்தான். அவற்றையும் அவரே அவிழ்த்தார். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பிறகுதான் மணலில் உட்கார்ந்தார்.

"என்ட தம்பிக்கும் அப்ப உங்கட வயசுதான். சண்டை நேரம் புடிச்சுக்கு போனாங்க. சாக்கில கட்டி ஆத்துக்க போட்டாங்களாம் எண்டு கதைச்சாங்க. வேறென்னவோவும் கதைச்சாங்க... ஆரும் சாக்க அவுட்டுக் காட்டல்ல மனே."

சுகந்தி அழுதுகொண்டே வீடியோவை அழித்தாள்.

எழும்பிப் போகும்போது அந்த அம்மா சசியின் முகத்தைத் தன் ஈரச் சாறித் தலைப்பால் துடைத்துவிட்டார். "கழுவிக்கு போங்க. உங்கட அம்மா கண்டா பயந்திருவா."

பொஸ்டனில் எந்தக் கப்பல், எத்தனை பெட்டி என்று தேதியோடு பாடமாக்கி வைத்திருந்தவன் நான். அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவனும் நான்தான். அந்தச் சாக்குக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமாவிடம் கேட்டேன். "உனக்கு ஏன் மருமகன் அந்தக் கத?" என்று வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை மற்ற குரூப்புகளுக்குக் கைதட்டல். "போன் ஆத்துக்க விழுந்திட்டு சேர்" என்று சசி பொய் சொன்னான். எங்களுக்குத்தான் குறைந்த புள்ளி. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

இப்போது நானே வரலாறு படிப்பிக்கிற சேர். அந்தக் கரையில் இன்றைக்கு லைட் போட்டு, உட்கார வாங்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் செல்பி எடுக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இன்று பதினோராம் ஆண்டு வகுப்பில் அமெரிக்கச் சுதந்திரப் போர். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், தேயிலை எறிஞ்சத நம்ம ஆத்தில செய்து வீடியோ எடுப்பமா? சாக்கெல்லாம் வீட்ட கிடக்கு."

"வேணாம்!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது.

"ஏன் சேர்?"

மணி அடித்தது. அதைச் சாட்டி வெளியே வந்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் பாலத்தால் வரும்போதுதான் உறைத்தது... மாமா செய்ததைத்தானே நானும் செய்துவிட்டு வருகிறேன்!

நாளைக்கு அந்த வகுப்பில் முதல் பாடம் என்னுடையது. அந்தச் சாக்கை அவிழ்த்துக் காட்டத்தான் வேண்டும்.